கலிப்போலியில்தான் ஆஸ்திரேலியா பிறந்ததா?

வாசகர் கேள்வி: ஏப்ரல் 19, 2024

"இங்கே குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. ஏப்ரல் 25 நெருங்கினாலே வானொலியிலும் பிள்ளைகளின் பள்ளியிலும் 'இந்த நாடு கலிப்போலியில் பிறந்தது' என்கிறார்கள். விசாரித்தால் அது முதல் உலகப் போரில், துருக்கியில் தோற்றுப்போன சண்டை என்று தெரிகிறது. தோற்ற சண்டையில் ஒரு நாடு எப்படிப் பிறக்கும்? நீண்ட நாள் இருப்பவர்கள் விளக்குங்கள்."

ஏப்ரல் 19, இரவு

நாடு பிறந்த நாளில் சந்தேகத்திற்கு இடமில்லை. 1901 ஜனவரி 1 அன்று சிட்னியின் சென்டெனியல் பூங்காவில், அதுவரை தனித்தனியே இருந்த ஆறு பிரிட்டிஷ் குடியேற்றங்கள் ஒரே கூட்டாட்சியாக இணைந்ததாக அறிவிக்கப்பட்டது. எட்மண்ட் பார்ட்டன் முதல் பிரதமராகப் பதவியேற்றார். அதற்கு முந்தைய பத்தாண்டு முழுவதும் மாநாடுகளிலும் வாக்கெடுப்புகளிலும் கழிந்தது. 1898-ல் நியூ சவுத் வேல்ஸில் ஆதரவு ஓட்டுகளே அதிகமாக விழுந்தபோதிலும், குறைந்தது 80,000 ஓட்டு வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாததால், மறு ஆண்டு மீண்டும் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியா 1900 ஜூலை வரை இழுத்தடித்துக் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. பேச்சுவார்த்தையில் தொடக்கத்தில் கலந்துகொண்ட நியூசிலாந்து வரவே இல்லை.

இந்த நாடு துப்பாக்கி தூக்காமல், ஓட்டுப் போட்டு உருவானது. இதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். இதைச் சொல்லாமல் கலிப்போலியிலிருந்து கதையைத் தொடங்குவது அந்த ஆறு குடியேற்றங்களின் மக்களுக்குச் செய்யும் அநீதி.

ஏப்ரல் 20, காலை

நேற்று எழுதியதை மீண்டும் படித்தபோது ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டதாகத் தோன்றியது. காகிதத்தில் நாடு ஒன்றானது. மனத்தில் ஒன்றாக வெகுகாலம் பிடித்தது.

நான் வந்த புதிதில் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு ரயிலில் போனபோது, எல்லையோர ஊரான ஆல்பரியில் நடைமேடை ஏன் இவ்வளவு நீளம் என்று பக்கத்தில் இருந்த முதியவரிடம் கேட்டேன். நியூ சவுத் வேல்ஸ் தண்டவாளத்தின் அகலம் 1435 மில்லிமீட்டர், விக்டோரியாவில் 1600 மில்லிமீட்டர். ஒரு வண்டி மற்றொன்றின் பாதையில் ஓடாது. ஆகவே நடுஇரவானாலும் பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, இந்த நடைமேடையைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் நிற்கும் வண்டியில் ஏற வேண்டும். இந்த இடைஞ்சல் 1962 வரை நீடித்தது. குயின்ஸ்லாந்தில் மூன்றாவதாக ஓர் அகலம், 1067 மில்லிமீட்டர். போர் மூண்ட 1914-ல் இந்தக் கூட்டாட்சிக்கு வயது 13. மக்கள்தொகை 50 லட்சத்திற்குச் சற்றுக் குறைவு. கான்பராவுக்கு அடிக்கல் மட்டும் நாட்டப்பட்டிருந்தது. நாடாளுமன்றம் மெல்போர்னில் இயங்கியது. பிரிட்டன் போர் அறிவித்ததும் ஆஸ்திரேலியாவும் போரில் இருப்பதாகவே பொருள். தனியாக முடிவெடுக்கும் உரிமை இந்த நாட்டுக்கு அப்போது கிடையாது.

விக்டோரியக்காரர், டாஸ்மேனியக்காரர் என்றே தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் ஒரே சீருடை அணிந்து, ஒரே கப்பலில் ஏறி, ஒரே பெயரால் அழைக்கப்பட்டது அந்தப் போரில்தான். "கலிப்போலியில் பிறந்தது" என்பவர்கள் சொல்ல வருவது இதைத்தான் என்றால், அதில் உண்மை இருக்கிறது.

ஏப்ரல் 20, இரவு

கலிப்போலித் தீபகற்பத்தில் என்ன நடந்தது என்று இன்னொரு நண்பர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையைத் திறந்து இஸ்தான்புல்லை எட்டி, ரஷ்யாவுக்குக் கடல்வழி அமைப்பது நேச நாடுகளின் திட்டம். கப்பல்களை மட்டும் கொண்டு மார்ச்சில் முயன்று தோற்ற பிறகு, 1915 ஏப்ரல் 25 விடியலில் தரைப்படையை இறக்கினார்கள். ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தினரும் சேர்ந்த படைப்பிரிவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே 'அன்சாக்'. அவர்கள் இறங்கிய இடம் செங்குத்தான மேடுகளுக்குக் கீழே ஒரு குறுகிய கடற்கரை. எட்டு மாதங்கள் அந்தச் சரிவிலேயே பதுங்குகுழி வெட்டிக் கிடந்தார்கள். 8,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர் இறந்தனர். அதே தீபகற்பத்தில் பிரிட்டிஷ் படையினர் 20,000-க்கு மேலும், துருக்கியர் 80,000-க்கு மேலும் மடிந்தார்கள் என்பதை இங்கே நடக்கும் விழாக்களில் போதிய அளவு சொல்வதில்லை.

அந்த முயற்சியில் பிழையின்றி நடந்தது டிசம்பரில் பின்வாங்கியது ஒன்றே. படை போய்விட்டது எதிரிக்குத் தெரியாமலிருக்க, ஆளில்லாமலே சுடும் துப்பாக்கிகளை வைத்துவிட்டு வந்தார்கள். மேலே தண்ணீர் நிரப்பிய ஒரு தகரம், அதன் அடியில் சிறு துளை. கீழே விசையோடு கயிற்றில் கட்டிய வெற்றுத் தகரம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்த்தகரம் கனத்ததும் கயிறு விசையை இழுக்கும், குண்டு வெடிக்கும். அதற்குள் வைத்துவிட்டுப் போனவன் படகில் ஏறியிருப்பான்.

ஏப்ரல் 21

தோல்வியில் எப்படி நாடு பிறக்கும் என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கு முன், நம் மக்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய வேறொரு வாசலைக் காட்ட விரும்புகிறேன்.

என் பாட்டி அடாவடியான ஆளைக் கண்டால் "அவன் சரியான எம்டன்" என்பார். சென்னைக்காரர்கள் எல்லோரும் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டு இருட்டில் மறைந்தது. சேதத்தைவிட பீதி பெரிது. ஊரை விட்டு ஓடியவர்கள் ஏராளம். அந்த பீதியே சொல்லாகி நம் வாயில் தங்கிவிட்டது.

அந்தக் கப்பலின் கதையை முடித்தது ஆஸ்திரேலியா. 1914 நவம்பர் 1 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 30,000 ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய கப்பல் வரிசை கிளம்பியது. இவர்களே பின்னர் கலிப்போலியில் இறங்கியவர்கள். நவம்பர் 9 காலை, எம்டன் கோகோஸ் தீவுகளின் கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க வந்தபோது, அங்கிருந்தவர்கள் அந்நியக் கப்பல் வந்திருப்பதாகச் செய்தி அனுப்பிவிட்டார்கள். வரிசைக்குக் காவலாகச் சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி பிரிந்து விரைந்தது. அதன் பீரங்கி 6 அங்குலம், எம்டனுடையது 4.1 அங்குலம். சின்னாபின்னமான எம்டனை அதன் தலைவர் ஃபான் முல்லர் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். அவருடைய ஆட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள்.

ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் கப்பல் அணி சிட்னித் துறைமுகத்துக்குள் நுழைந்தது 1913 அக்டோபரில். அந்த அணி வந்து ஒரு வருடமும் ஒரு மாதமுமே ஆகியிருந்தது. தொடக்கத்தில் கிடைத்தது வெற்றி. இருந்தும் இந்த நாடு தன் பிறப்புக் கதையாக அந்த வெற்றியைத் தேர்ந்தெடுக்காமல், ஐந்து மாதம் கழித்து வந்த தோல்வியைத் தேர்ந்தெடுத்தது. எம்டனை வென்ற செய்தி பெருமை தந்தது. கலிப்போலியிலிருந்து வந்த தந்திகள் வீட்டு வாசலுக்கு வந்தன. துக்கம் நடந்த வீடுகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. பதில் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 21, சற்று நேரம் கழித்து

எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி ஹைட் பூங்காவின் தென்கிழக்கு மூலையில் நிற்கிறது. வேலைக்குப் போகும் வழியில் பல மாதங்கள் பார்க்காமலே அதைக் கடந்திருக்கிறேன். ஒருநாள் நின்று கல்வெட்டில் அந்தப் பெயரைப் படித்தபோது, பாட்டியின் சமையலறையில் கேட்ட சொல் உலோகமாக முன்னால் நிற்பதைக் கண்டேன். இந்த நாட்டின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஏப்ரல் 22

ஒரு திருத்தம். எம்டனின் கதையை முடித்தது "ஆஸ்திரேலியா" என்று எழுதியதை ஒரு நண்பர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. சிட்னி கப்பலின் தலைவர் கிளாசப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. மாலுமிகளிலும் பலர் பிரிட்டனில் பிறந்தவர்கள். தரைப்படையிலும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அப்படித்தான். கழுதை மேல் காயம்பட்டவர்களை ஏற்றிவந்து இன்று பள்ளிப் புத்தகங்களில் நாயகனாக இருக்கும் சிம்ப்சன், இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் ஊர்க்காரர். கப்பலிலிருந்து ஓடிவந்து இந்நாட்டில் தங்கியவர். 1915 மே 19 அன்று கொல்லப்பட்டார். கலிப்போலியில் இருந்த இந்திய மலைப் பீரங்கிப் படையினரின் முகாமில்தான் அவர் உண்டு உறங்கினார்.

அந்த இந்தியர்களைப் பற்றியும் ஒரு வரி. பீரங்கியைப் பகுதி பகுதியாகக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு ஏப்ரல் 25 அன்றே கரையிறங்கியவர்கள் அவர்கள். எட்டு மாதமும் தண்ணீரும் தோட்டாவும் மேட்டுக்கு ஏற்றியதில் இந்தியக் கோவேறு கழுதை வண்டிக்காரர்களின் பங்கு மிகப் பெரிது. பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்தவர்கள். இங்கே தமிழர் தொடர்பைத் தேடி நீட்ட வேண்டியதில்லை. ஆனால் போர் முடிந்து அவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் குடியேற வந்திருந்தால், 1901-ல் புதிய நாடாளுமன்றம் முதல் வேலைகளில் ஒன்றாக இயற்றிய குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் தடுத்திருக்கும். ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை அதிகாரி வாசிப்பார். வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். வேண்டாதவரை நிராகரிப்பதற்கென்றே வைத்த தேர்வு அது; 1958 வரை சட்டத்தில் இருந்தது. ஓட்டுப் போட்டு உருவான நாடு என்று முதல் குறிப்பில் நான் மெச்சியது, இந்தச் சட்டத்தையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 23

எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதிக்கு வருகிறேன். கலிப்போலியைவிடக் கொடியது 1916-ல் பிரான்சில் நடந்தது. ஜூலை 19 இரவு ஃப்ரோமெல் கிராமத்தருகே ஒரே இரவில் 5,533 ஆஸ்திரேலியர் இறந்தோ காயமுற்றோ சிறைப்பட்டோ போனார்கள். அடுத்து போசியேர் மேட்டில் ஆறேழு வாரங்களில் ஏறத்தாழ 23,000 பேர். இழப்பை ஈடுகட்டப் புதிய ஆட்கள் போதவில்லை. பிரிட்டனும் நியூசிலாந்தும் அந்த ஆண்டே கட்டாய ஆள்சேர்ப்பைச் சட்டமாக்கிவிட்டன; கனடா 1917-ல் செய்தது. பிரதமர் பில்லி ஹியூஸும் அதையே விரும்பினார். ஆனால் செனட்டில் அது நிறைவேறாது என்று தெரிந்ததால் மக்களிடமே கேட்டார்.

1916 அக்டோபர் 28 அன்று மக்கள் வேண்டாம் என்றார்கள்: வேண்டும் 10,87,557, வேண்டாம் 11,60,033. ஹியூஸ் விடவில்லை. 1917 டிசம்பர் 20 அன்று மறுபடி கேட்டார். எதிர்ப்பின் வித்தியாசம் முன்னைவிடக் கூடியது. இடைப்பட்ட ஓராண்டில் நாடு இரண்டுபட்டது. ஆளும் தொழிற்கட்சி உடைந்து, ஹியூஸ் தன் ஆதரவாளர்களோடு வெளியேறினார். அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1916-ல் மூண்ட டப்ளின் எழுச்சியை பிரிட்டன் அடக்கிய விதத்தால் மனம் கொதித்திருந்த ஐரிஷ் கத்தோலிக்கர்கள், மெல்போர்ன் பேராயர் மேனிக்ஸின் பின்னே திரண்டார்கள். தாய்மார்கள் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் சாடினார்கள். இந்த நாட்டில் பெண்களுக்கு 1902 முதலே ஓட்டு இருந்தது. ஆகவே மகனைப் போருக்கு அனுப்பும் கேள்விக்கு அம்மாவும் பதில் சொன்னாள். அந்தக் காலத்தில் வேறெங்கே இது சாத்தியம்?

போர் உச்சத்தில் இருக்கும்போது, பத்திரிகைகளும் அரசும் பெரும்பாலும் ஒரு பக்கம் நிற்க, இரண்டு முறை மறுத்துச் சொன்ன மக்கள் அவர்கள். என்னைக் கேட்டால், 1901-ல் உருவான நாடு தன் சொந்தக் குரலில் பேசியது அந்த இரண்டு நாள்களில்தான். அந்த நாள்களுக்கு விடுமுறையும் இல்லை, அணிவகுப்பும் இல்லை.

ஏப்ரல் 23, இரவு

இரண்டு விஷயங்கள்.

ஒன்று, "அதெல்லாம் கோழைத்தனமான ஓட்டு, போர்முனையில் இருந்தவர்களைக் கைவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போர்முனையில் இருந்தவர்களும் ஓட்டுப் போட்டார்கள் என்பதை அவர் பார்க்க வேண்டும். 1916-ல் படைவீரர்களில் 72,399 பேர் வேண்டும் என்றும் 58,894 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள். குண்டுமழையில் நின்றவர்களிலேயே இத்தனை பேர், விருப்பமில்லாதவனை இங்கே இழுத்து வராதீர்கள் என்றார்கள்.

இரண்டு, இது அரசியல் சாசனத்தைத் திருத்தும் பொதுவாக்கெடுப்பு அல்ல. மக்கள் கருத்தைக் கேட்டறியும் வாக்கெடுப்பே. மேலும், சொந்த மண்ணைக் காக்கக் கட்டாயப் பயிற்சி ஏற்கெனவே இருந்தது. கடல் கடந்து அனுப்பலாமா என்பதே கேள்வி.

இன்னொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. 1917 நவம்பரில் குயின்ஸ்லாந்தின் வார்விக் ரயில் நிலையத்தில் ஹியூஸ் பேச வந்தபோது எறியப்பட்ட முட்டை அவருடைய தொப்பியைத் தட்டிவிட்டது. எறிந்தவரைக் கைது செய்யும்படி பிரதமர் உத்தரவிட, தான் மாநிலச் சட்டத்துக்கே கட்டுப்பட்டவன் என்று அங்கிருந்த மாநிலக் காவல்துறை அதிகாரி மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் ஹியூஸ் உருவாக்கியதே நாட்டின் முதல் கூட்டாட்சிக் காவல்துறை. கூட்டாட்சியின் பல உறுப்புகள் இப்படி நெருக்கடியில் முளைத்தவை.

ஏப்ரல் 25, மதியம்

விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, மகளோடு பக்கத்துச் சிற்றூரின் நினைவுத்தூணுக்குப் போய்வந்தேன். குளிரில் நூறு பேர் இருப்பார்கள். தலை கவிழ்ந்து, துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி நிற்கும் கல் சிப்பாய். அவன் காலடியில் நான்கு பக்கமும் பெயர்கள்.

வெளிச்சம் வந்ததும் மகள் பெயர்களை எண்ணினாள். சில பெயர்களுக்கு அருகில் சிறு சிலுவை, சிலவற்றுக்கு இல்லை. "சிலுவை இல்லாதவங்க யாருப்பா?" என்று கேட்டாள். திரும்பி வந்தவர்கள். இந்த நாட்டின் ஊர்களில் பல நினைவுத்தூண்கள் இப்படித்தான். இறந்தவர் பெயரோடு, போய்த் திரும்பியவர் பெயரையும் பொறித்தார்கள். எல்லோரும் தாமாக முன்வந்து போனவர்கள் என்பதால் போனதே பதிவுக்குரிய செயலாயிற்று. ஆனால் அந்தப் பட்டியலுக்கு இன்னொரு முகமும் உண்டு: யாருடைய மகன் போகவில்லை என்பதையும் அதே கல் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டாயம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட ஊரில், பெயர் இல்லாத வீட்டுக்காரர்கள் அந்தக் கல்லைக் கடந்து எத்தனை வருடம் சந்தைக்குப் போயிருப்பார்கள்?

ஒரே குடும்பப் பெயர் நான்கு முறை வந்தது. அதில் மூன்றுக்குச் சிலுவை.

ஏப்ரல் 23 அன்று எழுதியதை இதைப் பார்த்த பிறகு சற்று மாற்றிக்கொள்கிறேன். வாக்கெடுப்பைத்தான் கொண்டாட வேண்டும் என்று எழுதும்போது, இந்தக் கல்லின் முன் நிற்பவர்களை எதிர்த்தரப்பாக நினைத்துவிட்டேன். அவர்கள் வெற்றியைக் கொண்டாட வரவில்லை. 50 லட்சம் பேர் உள்ள நாட்டிலிருந்து 4,16,809 பேர் படையில் சேர்ந்து, ஏறத்தாழ 60,000 பேர் திரும்பவில்லை. உடல்கள் ஊருக்கு வரவில்லை. கல்லறைகள் பூமியின் மறுகோடியில். ஆகவே இந்தக் கல்லே கல்லறை. இதற்கு முன்னால் வாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 27

தூணில் பெயர் இல்லாத பூர்வகுடிகளும் போருக்குப் போனார்களா என்று கேட்ட சகோதரிக்கு: ஆம், போனார்கள். கணிசமான ஐரோப்பிய வம்சாவளி இல்லாதவர்களைப் படைச் சட்டம் விலக்கியிருந்தபோதும், வம்சத்தை மறைத்தோ, கண்டும் காணாத அதிகாரியிடம் பதிந்தோ சேர்ந்தார்கள். 1917-ல் ஆள் பஞ்சத்தால் விதி ஓரளவு தளர்ந்தது. ஏறத்தாழ 1,000 பேர் இருக்கலாம் என்று இன்று கணிக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்று 1901-ன் அரசியல் சாசனத்தின் 127-ஆம் பிரிவு சொன்னது; அது நீங்கியது 1967-ல். தன்னை எண்ணிக்கையிலேயே சேர்க்காத நாட்டுக்காகப் போனவர்கள். திரும்பியவர்களுக்கு அரசு நிலம் கொடுத்தபோது இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

மே 2

போருக்குப் பிறகு நாடு சுதந்திரமாகிவிட்டதா என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில். 1919-ல் வெர்சாய் உடன்படிக்கையில் ஆஸ்திரேலியா தன் பெயரில் கையெழுத்திட்டது. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் தனி உறுப்பினரானது. பாரிஸில் ஹியூஸ் 60,000 மாண்டவர்களின் சார்பில் பேசுவதாகச் சொன்னார். அதே பாரிஸில், இனங்கள் சமம் என்ற வாசகத்தைச் சேர்க்க ஜப்பான் கேட்டபோது அதைக் கடுமையாக எதிர்த்து முறியடித்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1914-ல் சிட்னி கப்பல் எம்டனைத் துரத்திப் போனபோது, 30,000 பேரின் கப்பல் வரிசைக்குக் காவலாக உடன் நின்றவற்றில் ஒன்று ஜப்பானியப் போர்க்கப்பல் இபுக்கி. இதைப் படித்த நாளில் எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1931-ல் தந்த முழு சட்டமியற்றும் உரிமையை ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது 1942-ல், அடுத்த போரின் நடுவில். பிரிட்டனின் கீழே இருந்து வெளியே வர இந்த நாடு அவசரப்படவில்லை. நம்மவர்களுக்கு இது விளங்கச் சிரமம். இவர்களுக்கு அது தாய்வீடு.

மே 11

முதலில் கேள்வி கேட்ட நண்பர், பிள்ளையின் பள்ளிக் கட்டுரைக்கு எந்த இடத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று கேட்கிறார். சிட்னியில் இருந்தால் ஹைட் பூங்கா பீரங்கியை முதலில் பாருங்கள். பிறகு துறைமுகத்தின் வடகரையில் பிராட்லீஸ் முனைக்குப் போனால், சிட்னி கப்பலின் பாய்மரக் கம்பத்தை நட்டிருக்கிறார்கள். துரத்தியதன் கம்பமும் துரத்தப்பட்டதன் பீரங்கியும் ஒரே ஊரில், ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரோரம் எம்டன் குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல் இருக்கிறது. டிசம்பரில் ஊருக்கு வரும்போது மகளை அழைத்துப் போகப் போகிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், எழுத்துகள் இப்போது படிக்கும்படி இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.